மாப்பிள்ளை விசாரிக்கப் போன பார்

எனக்கு எதையும் எடுத்த எடுப்பில் நம்பிப் பழக்கமில்லை. கடையில் பால் வாங்கினாலும் முன்னால் இருப்பதை எடுக்க மாட்டேன். அடுக்கின் பின்பக்கம் கையை விட்டுத்தான் எடுப்பேன். இதை இவர் வியாதி என்பார். நான் கவனம் என்பேன். கலியாணம் கட்டிய நாளிலிருந்து இந்த வழக்கு எங்களுக்குள் தீரவில்லை.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, சரியாக நினைவில்லை. கனடாவில், மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இரண்டு அறை வீட்டில் நானும் இவரும் மூன்று வயது மகளும் என் தங்கச்சியும் இருந்தோம். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, அகதியாக வந்து எங்களோடு சேர்ந்தவள். அவளை ஒருவன் கையில் பிடித்துக் கொடுப்பது என் பொறுப்பு என்று நானே தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு முப்பத்தொரு வயது முடிந்திருந்தது.

அதற்கு முன் இரண்டு சம்பந்தம் வந்தது. இரண்டையும் நான்தான் வேண்டாமென்றேன். ரொறொன்ரோப் பெடியன் சிகரெட் பிடிக்கிறான் என்று அவனோடு ஒரே வீட்டில் இருந்தவரிடமிருந்து அறிந்தேன். மற்றவன் அடிக்கடி வேலை மாறுகிறவன். வேலையில் நிலைக்காதவன் வீட்டில் நிலைப்பானா? தங்கச்சி இரண்டு தடவையும் வாயே திறக்கவில்லை. அவளுக்கும் அதுதான் நல்லதாகப் பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

மூன்றாவது சம்பந்தத்தைக் கோயிலில் பழக்கமான ஒரு மாமி கொண்டுவந்தார். பெடியன் லொங்குய்யில் இருக்கிறான், சென்ட் லோரன்ட்டில் ஒரு தொழிற்சாலையில் நிரந்தர வேலை, குடி இல்லை, புகை இல்லை, குணத்தில் தங்கம். குணத்தில் தங்கம் என்று யார் சொன்னாலும் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். ஊருக்கு, ரொறொன்ரோவுக்கு, லண்டனுக்கு என்று தெரிந்த ஆட்களுக்கெல்லாம் ரெலிபோன் எடுத்து விசாரித்தேன். ஒரு குறையும் அகப்படவில்லை. அதுவே எனக்குப் பெரிய குறையாகப் பட்டது.

அப்போதுதான் இவரோடு வேலை செய்யும் அண்ணை ஒருவர் வாயை விட்டார். "உந்தப் பெடியனோ? சனிக்கிழமை பின்னேரத்திலை பார்க் அவெனியூவிலை ஒரு கிரேக்கன்ரை பாருக்குள்ளை கண்டிருக்கிறன். ஒருக்கா இல்லை, கனதரம்."

உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பிடிபட்டான் பாத்தீங்களோ என்று இவரிடம் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை நேரே போய்ப் பார்ப்பதென்றும் முடிவு செய்தேன்.

"உமக்கென்ன விசரோ?" என்றார் இவர். "பாருக்குப் போய் என்னத்தைச் செய்யிறது?"

"நான் குடிக்கவோ போறன்? பாக்கப் போறன்."

தங்கச்சிக்கு இதைச் சொல்ல முடியாது. கோயிலில் திருவிழாக் கூட்டம் இருக்கிறது, இன்றைக்கு பிரெஞ்சு வகுப்புக்குப் போகாமல் பிள்ளையைப் பார்த்துக்கொள் என்றேன். சனிக்கிழமை பின்னேரங்களில் அவளுக்கு பிரெஞ்சு வகுப்பு. அவள் முகம் வாடிப்போனது. "ஒருநாள் போகாட்டி பிரெஞ்சு எங்கையும் ஓடிப்போகாது" என்று ஒரு அதட்டும் போட்டேன்.

கோயில் என்று சொல்லிவிட்டோமே, அதற்கேற்ற மாதிரி உடுக்க வேண்டியிருந்தது. நான் பட்டுச்சேலை, நெற்றியில் பொட்டு. இவருடைய நெற்றியில் பட்டையாகத் திருநீறு. இந்தக் கோலத்தில் இரண்டு பேரும் வெயில் எறிக்க எறிக்க பார்க் அவெனியூவால் நடந்து அந்த பாருக்குப் போய்ச் சேர்ந்தோம்.

பார் என்றால் இருட்டும் சத்தமுமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது வேறு மாதிரி. வெள்ளைச் சுவர், நீலக் கதவு. நடைபாதையில் கயிற்றால் பின்னிய கதிரைகள், ஒன்றோடொன்று சேராத மேசைகள். காற்சட்டையும் செருப்புமாக நாலைந்து பேர் அவசரமில்லாமல் இருந்தார்கள். வாசலில் வயதான கடைக்காரர், தோளில் துவாயோடு, குளியலறைச் செருப்போடு எலுமிச்சை வெட்டிக்கொண்டிருந்தார். எங்கள் கோலத்தைப் பார்த்து அவர் திடுக்கிடவேயில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. பட்டுச்சேலையோடு ஒருத்தி பாருக்குள் வந்தால் திடுக்கிடத்தானே வேண்டும்?

கதவும் மேசையும் தெரிகிற மூலையாகப் பார்த்து இருந்தோம். கடைக்காரரும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு எங்களோடு இருந்துவிட்டார். தன்னுடைய தீவுக் கிராமத்தில் பார் இப்படித்தானாம். நாலு கதிரை, ஐஸ், எலுமிச்சை, எதிரே கடல். இங்கே கடல் இல்லை, பஸ் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசமாம். நாங்கள் இலங்கை என்றதும் "நீங்களும் தீவு" என்று இவருடைய முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். இவர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். நான் இவருடைய காலை மேசைக்குக் கீழே மிதித்தேன்.

என்னென்ன இருக்கிறது என்று இவர் கேட்டதற்கு, பட்டியல் ஒன்றும் கிடையாது என்றார் கடைக்காரர். ஆளின் முகத்தைப் பார்த்துத்தான் கலந்து தருவாராம். என்னை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். மனைவிக்கு மது வேண்டாம் என்று இவர் தொடங்கவே, "தெரியும், தெரியும்" என்று எழும்பிப் போனார்.

"உவனுக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"பட்டுச்சேலையோடை வந்தவள் விஸ்கியோ கேக்கப்போறாள்? நீர் கொஞ்சம் பேசாமல் இரும்."

முதலில் ஒரு தட்டு வந்தது. தக்காளி, வெள்ளைப் பாற்கட்டி, பொரித்த சின்ன மீன். நாங்கள் கேட்கவேயில்லை. புதிதாக வந்தவர்களுக்குத் தங்கள் ஊரில் இப்படித்தான் வைப்பார்களாம். சும்மா தருகிறவனிடம்தான் கூடுதல் கவனம் வேண்டும் என்று நான் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். இவர் மீனை எடுத்து, "இஞ்சேர், எங்கடை நெத்தலி மாதிரியே கிடக்கு" என்று மூன்றாவதையும் வாயில் போட்டுவிட்டார்.

பிறகு எனக்கொரு உயர்ந்த கிளாஸ் வந்தது. நொறுக்கிய ஐஸ், எலுமிச்சை, புதினா. முதலில் மணந்து பார்த்தேன். பிறகு இவரைக் குடிக்கச் சொன்னேன். இவர் குடித்து, ஒன்றும் ஆகவில்லை என்று கண்டபிறகு நானும் ஒரு வாய் குடித்தேன். குடித்ததும் எனக்கு உச்சியில் அடித்தது. மது இல்லை. உப்பும் மிளகுத்தூளும்!

எலுமிச்சைத் தண்ணீருக்குள் மிளகுத்தூள் போடுவது எங்கள் வீட்டுப் பழக்கம். வேறு எவருடைய வீட்டிலும் நான் கண்டதில்லை. இவருடைய ஆட்கள்கூட அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். கிரேக்கத் தீவிலிருந்து வந்த மனுசனுக்கு இது எப்படித் தெரியும்?

"இஞ்சேருங்கோ, இதிலை ஏதோ இருக்கு."

"ஓம், மிளகு இருக்கு" என்றார் இவர்.

அந்த நேரம் பார்த்து அவன் வந்தான். மாமி தந்த படத்தில் கண்ட அதே முகம். நேரே உள்ளே போனான், தன் வீடு மாதிரி. கடைக்காரரின் மனைவி வந்து அவனைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். முடிந்தது கதை என்று நினைத்தேன். அவன் தானாகவே ஒரு பியர் எடுத்து உடைத்துக்கொண்டு திரும்பினான். குடியும் இல்லையாம், தங்கமாம்! மாமிக்கு நாளைக்கே நல்ல கிழி கிழிக்க வேண்டும் என்று நான் மனதுக்குள் வசனம் தயாரித்துக்கொண்டிருக்க, அவன் எங்களைக் கண்டுவிட்டான். கண்டதும் முகம் வெளிறிப்போனது. ஆனால் ஓடவில்லை. பியரைக்கூட மறைக்கவில்லை. அதைக் கையில் பிடித்தபடியே எங்கள் மேசைக்கு வந்தான்.

"வணக்கம் அக்கா. வணக்கம் அண்ணை."

எங்களை அவன் முன்னே பின்னே கண்டதில்லை. எங்கள் படம் எதுவும் மாமியிடம் போகவில்லை. "எங்களை உமக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"இல்லை அக்கா, அது... முகச்சாடை..." என்று இழுத்தான்.

அவன் இழுத்துக்கொண்டிருக்கும்போதே கடைக்காரரின் மனைவி துவாயில் கையைத் துடைத்தபடி வந்தாள். என்னைப் பார்த்தாள், கிளாஸைப் பார்த்தாள், கையைத் தட்டிச் சிரித்தாள். பிறகு பிரெஞ்சில் கேட்டாள்: நீ அவளுடைய அக்காதானே? இன்றைக்கு அவள் எங்கே? தன் மனுசன் முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்து, அவள் குடிக்கிறதையே உனக்கும் கலந்துவிட்டானே!

எனக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சுக்கே அது வடிவாக விளங்கியது. எங்கள் வீட்டு மிளகு இந்தக் கடைக்கு எப்படி வந்ததென்றும் விளங்கியது. இவர் வாயிலிருந்த மீனை விழுங்கிவிட்டு, "அப்ப இதுதான் பிரெஞ்சு வகுப்பு" என்றார். எனக்கு அவரைக் கொல்ல வேண்டும் போலிருந்தது.

"நாங்களே உங்களிட்டைச் சொல்லத்தான் இருந்தனாங்கள், அக்கா" என்றான் பெடியன்.

"நாங்களோ?" என்று கேட்டுவிட்டு எழும்பினேன். அதற்குமேல் அங்கே இருக்க என் கால் கேட்கவில்லை. வெளியே வரும்போது கடைக்காரரின் மனைவி ஓடிவந்து எனக்கும் இரண்டு முத்தம் கொடுத்தாள், இவருக்கும் இரண்டு கொடுத்தாள். இவர் பின்னால் வர, நான் வேகமாக வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டில் தங்கச்சி மகளை மடியில் வைத்துப் புட்டுத் தீத்திக்கொண்டிருந்தாள். சேலையைக்கூட மாற்றாமல் அவளுக்கு முன்னால் போய் நின்றேன்.

"உன்ரை பிரெஞ்சு வகுப்புக்குத்தான் போட்டு வாறம்."

அவளுடைய கை ஒரு கணம் நின்றது. பிறகு அடுத்த வாயை உருட்டினாள். "வகுப்பிலைதான் அவரைச் சந்திச்சனான். அது பொய்யில்லை. வகுப்பு சித்திரையோடை முடிஞ்சுது."

"அப்ப மாமி?"

"நாங்கள்தான் அனுப்பினது. நானாக் கொண்டுவந்தா நீ முகத்தைக்கூடப் பாத்திருக்கமாட்டாய். மாமி கொண்டுவந்தா விசாரிக்கவாவது செய்வாய் எண்டு நினைச்சம்."

"அவன் குடிக்கிறான், தெரியுமோ?"

"சனிக்கிழமையிலை ஒரு பியர். இந்த நாட்டுக்கு வந்து ஒருத்தருமில்லாமல் நிண்ட நேரம் அந்தக் கடையிலைதான் கோப்பை கழுவினவர். அவை அவருக்குத் தாய் தகப்பன் மாதிரி. எல்லாம் தெரியும். நான் அவரையே கேட்டனான். நீதான் அவரை விட்டிட்டு உலகமெல்லாம் கேக்கிறாய்."

எனக்குக் கோபம் வந்தது. கோபம் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். "எனக்காண்டியோ விசாரிக்கிறன்? உனக்காண்டித்தானே! எனக்கு ஒரு சொல்லு சொல்லியிருக்கக்கூடாதோ?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ரொறொன்ரோப் பெடியன்ரை படத்தைக் கனகாலம் என்னட்டையே வைச்சிருந்தனான், அக்கா. அவர் சிகரெட் பிடிச்சா உனக்குப் பரவாயில்லையோ எண்டு நீ என்னை ஒருக்காக் கேட்டிருக்கலாம்."

குசினி வாசலில் நின்ற இவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். சேலையின் கரையைப் பிடித்து மடித்தேன், பிரித்தேன், திரும்பவும் மடித்தேன். எனக்கும் ஏதாவது சொல்ல வேண்டியிருந்ததே.

"சரி" என்றேன். "பெடியன் பாக்க மோசமில்லை. பியரை ஒளிக்கேல்லை, அது ஒரு நல்ல குணம்தான். எண்டாலும் இன்னும் ரெண்டு இடத்திலை கேக்க வேணும். கேட்டுப்போட்டு ஓமெண்டு சொல்லுவம்."

தங்கச்சி மகளின் வாயைத் துடைத்துவிட்டாள்.

"ஓமெண்டு நான் போன மாசமே சொல்லிப்போட்டன், அக்கா. நீ ஆறுதலா, அவசரப்படாமல் விசாரி."