உப்புத் தண்ணீர் குடித்த கன்றுகளைத் தேடி நெடுந்தீவுக்கு

புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமையொன்றில், காலை ஆறரை மணிக்கு, சரவணையில் என் தங்கை வசந்தியின் வீட்டிலிருந்து நெடுந்தீவுக்குப் புறப்பட்டேன். கையில் வெறும் மீன் பெட்டிகள் இரண்டு. திரும்பி வரும்போது அவற்றில் மரக்கன்றுகள் இருக்க வேண்டும். வேறு அலுவல் எதுவும் எனக்கு அங்கே இல்லை.

மரக்கன்று வாங்க யாராவது கடல் தாண்டுவார்களா என்று வவுனியாத் தபால் கந்தோரில் என்னோடு வேலை செய்கிறவர்கள் சிரித்தார்கள். அவர்கள் வசந்தியின் வளவைப் பார்த்ததில்லை. அவளுடைய கிணறு வரவர உவர்த்து, இப்போது உடுப்புத் தோய்க்கக்கூட உதவாமல் போய்விட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வாங்கி வந்து வைத்த மாவும் நெல்லியும் வேம்பும் ஓர் ஆண்டுகூடத் தாங்கவில்லை. இலை ஓரம் கருகும், பிறகு தண்டு காயும். ஊர்காவற்றுறையில் வேலை பார்க்கும் அவளுடைய கணவர் சிவபாலன், நிழலே இல்லாத இந்த வெட்டையில் பிள்ளைகளை எத்தனை காலம் வைத்திருப்பது என்று கேட்கத் தொடங்கியிருந்தார். யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு வீடு பார்க்கும் பேச்சும் எழுந்திருந்தது. வசந்திக்கு அதில் விருப்பமில்லை. நெடுந்தீவில் பிலோமினா என்றொருவர் உவர்த் தண்ணீர் ஊற்றியே மரக்கன்று வளர்க்கிறார் என்று கேள்விப்பட்டு, அவருடைய தொலைபேசி இலக்கத்தை அவள்தான் தேடிப் பிடித்தாள். அவளுக்கு வேலையில் விடுமுறை கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது.

சரவணையிலிருந்து பஸ் வேலணையைத் தாண்டி, இருபுறமும் கடல் கிடக்கும் நீண்ட பாலத்தில் ஏறிப் புங்குடுதீவுக்குள் நுழைந்தது. குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுக்குப் போகும் பக்தர்கள் பூத்தட்டுகளோடு ஒரு பக்கம் நின்றார்கள். நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருந்தவர்களிடம் சீமெந்துப் பைகளும் அரிசி மூட்டைகளும் எரிவாயுச் சிலிண்டர்களும் இருந்தன. என் வெறும் பெட்டிகளை வாங்கிக் கூரையில் போட்ட படகுக்காரர், என்ன கொண்டுவரப் போகிறேன் என்று விசாரித்தார். மரக்கன்று என்றேன். எல்லாவற்றையும் தீவுக்குள்ளே ஏற்றித்தான் தனக்குப் பழக்கம், தீவிலிருந்து மரம் ஏற்றுவது இதுதான் முதல் தடவை என்றார்.

சோளகக் காற்று அடங்கிவரும் காலமாயினும் நடுக்கடலில் படகு நன்றாகவே ஆடியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிய பிறகு நெடுந்தீவு தெரிந்தது. கடலுக்கு மேல் ஒரு விரல் உயரம்கூட இல்லாதது போன்ற தட்டை நிலம். அதில் அங்குமிங்குமாகப் பனைகள்.

ஒன்பதரை மணிக்கு ஓட்டோ ஒன்றைப் பிடித்தேன். முருகைக்கற்களைச் சாந்து பூசாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய மதில்களுக்கு நடுவே பாதை போனது. ஓட்டோக்காரர் ஒரு படலைக்கு முன்னால் என்னை இறக்கிவிட்டுப் போய்விட்டார். அது பிலோமினாவின் வீடு அல்ல, பக்கத்து வீடு. அங்கே மாடுகளுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த பெண்ணுக்கு அறுபது வயதிருக்கும். பெயர் பரமேஸ்வரி. இருக்கச் சொல்லிக் கதிரை எடுத்துப் போட்டார். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

குடிதண்ணீர் அந்தப் பகுதிக்குப் பவுசர் என்னும் தாங்கி லொறியில் வருகிறது. வீட்டுக்கு இவ்வளவு என்று அளந்துதான் விடுவார்கள். போன வருடக் கோடையில் பவுசர் சில நாட்கள் வராமல் போனது. கேணிகளும் வற்றிக் கிடந்தன. பரமேஸ்வரியின் பசு ஈன்ற கன்று அந்த நாட்களில்தான் செத்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் மட்டும் கன்றுகள் பச்சையாக நின்றதை அவர் தினமும் பார்த்தார்.

“அவ குடிக்கிற தண்ணியை எடுத்து மரத்துக்கு ஊத்தினவ, தங்கச்சி. அவவின்ர மரக்கண்டு தப்பிச்சுது, என்ர மாட்டுக்கண்டு செத்துப்போச்சு,” என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. பிலோமினாவின் படலையைக் கையால் காட்டினார். வாங்க வந்த பொருளின்மேல் ஒரு சந்தேகம் விழுந்துவிட்ட மனதோடு நான் அந்தப் படலையைத் திறந்தேன்.

பிலோமினாவுக்கு நாற்பது வயது இருக்கலாம். விவசாயத்தில் டிப்ளோமா படித்துக் கிளிநொச்சியில் சில காலம் வேலை செய்தவர். கல்யாணம் முடித்துச் சொந்தத் தீவுக்கே திரும்பிவிட்டார். கணவர் அன்ரன் கடற்றொழிலாளி, அன்று தொழிலுக்குப் போயிருந்தார். வீட்டுக்குப் பின்னால் ஓலைப்பந்தலின் கீழ் பைகளில் பூவரசு, புங்கு, உகாய், வேம்பு என்று கன்றுகள் வரிசையாக நின்றன. எல்லாம் இந்தத் தீவுகளிலேயே விதை பொறுக்கியவை. ஒரு கன்று நூற்றைம்பது ரூபா.

ஆரம்பத்தில் தானும் நல்ல தண்ணீரில்தான் வளர்த்ததாக பிலோமினா சொன்னார். மழைக்காலத்தில் பிடித்துவைத்த தண்ணீரை ஊற்றி வளர்த்த கன்றுகள் பார்க்க அழகாயிருந்தன. அவற்றைக் கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டமான சேமக்காலையின் ஓரமாக ஊரார் நட்டார்கள். முதல் கோடையிலேயே எல்லாம் போய்விட்டன. நல்ல தண்ணீரைத் தவிர வேறெதையும் அறியாத வேருக்கு உவர் நிலத்தில் நிற்கத் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் முறையை மாற்றினார். விதை முளைக்கும்வரை மட்டும் மழைத் தண்ணீர். நாலைந்து இலை வந்ததும் தன் கிணற்றின் உவர்த் தண்ணீரை அதில் கலப்பார். பிறகு கிணற்றுத் தண்ணீர் மட்டும். நடுவதற்கு முந்தைய மாதங்களில், பூவரசுக்கும் உகாய்க்கும் அதில் கடல் தண்ணீரையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போவார். வேம்புக்கு அவ்வளவு உப்பு ஏலாது, அதற்கு அளவு குறைவு. எல்லாத் தண்ணீரையும் இலையில் படாமல் அடியில் ஊற்ற வேண்டும். பையின் ஓட்டைகளால் வழியும்வரை ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். மண் காயாமலிருக்க, கரையொதுங்கிய சாதாளை என்னும் கடற்புல்லை மழையில் போட்டு உப்புக் கழுவி மேலே பரப்பியிருந்தார்.

பந்தலின் ஓரத்தில் நீலப் பீப்பாய்கள் மூன்று இருந்தன. கடைசிப் பீப்பாயில் விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். துப்ப வேண்டியிருந்தது. அவர் சிரித்தார். பக்கத்து வீட்டில் கேட்டதை அவரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். அவரே கேட்டார்.

“பரமேசக்கா சொன்னவவோ?”

தலையாட்டினேன்.

“அந்தக் கண்டு செத்ததுக்கு நானும் அழுதனான் அக்கா. அதை எப்பிடிப் போய் அவவிட்டச் சொல்லுறது?” என்றார். பிறகு எனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பன்னிரண்டு பூவரசங்கன்றுகளைக் காட்டினார். தளதளவென்று நின்றன.

நண்பகல் தாண்டியதும் குசினியில் சோறும் மீன் குழம்பும் போட்டுத் தந்தார். பாதி சாப்பாட்டில் பின்வளவில் கற்கள் சரியும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தோம். மதிலில் ஓரிடம் உடைந்திருந்தது. அந்த வழியாகப் பரமேஸ்வரியின் செவலைப் பசுவும் வேறு இரண்டு மாடுகளும் உள்ளே வந்து பந்தலின் கீழ் நின்றன. பூவரசமிலை மாட்டுக்கு விருந்து. எனக்கென்று ஒதுக்கிய பன்னிரண்டிலும் ஓர் இலைகூட மிஞ்சவில்லை. மிதிபட்ட பைகள் கிழிந்து மண் சிதறிக் கிடந்தது. பிலோமினா கத்தவில்லை. கையிலிருந்த சோறு காய, அப்படியே நின்றார்.

பசுவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி, தடியோடு பரமேஸ்வரி மதில் உடைந்த இடத்தில் வந்து நின்றார். அந்த நேரத்தில் பசு கன்றுகளை விட்டுவிட்டு கடைசி நீலப் பீப்பாயிடம் போனது. கேணிகள் வற்றிய மாதம், நல்ல தாகமாயிருந்திருக்கும். மூக்கை உள்ளே விட்டது. உடனே தலையைத் தூக்கி உதறியது. மூக்கை நக்கிக்கொண்டு இன்னொரு தடவை முகர்ந்தது. பிறகு திரும்பிக்கொண்டது.

பரமேஸ்வரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கற்களைத் தாண்டி உள்ளே வந்து, பீப்பாயில் கையைத் தோய்த்து வாயில் வைத்தார்.

“இது கடல் தண்ணியெல்லோ?”

“அரைவாசி, அக்கா. மிச்சம் எங்கட கிணத்துத் தண்ணி.”

“போன வருசமும் இதைத்தானோ ஊத்தினனி?”

“ஓம்.”

“அப்பவே சொல்லியிருக்கலாம்.”

“சொன்னனான். நீங்கள் கேக்கேல்லை.”

பரமேஸ்வரி மாடுகளைத் தன் பக்கம் சாய்த்து விட்டு வந்தார். வந்தவர் கீழே குந்தியிருந்து, சரிந்த பைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, சிந்திய மண்ணைக் கையால் அள்ளி உள்ளே போட்டார். யாரையும் நிமிர்ந்து பார்க்காமலே பேசினார்.

“என்ர கண்டு தண்ணியில்லாமத்தான் செத்தது. ஆரைக் கோவிக்கிறது எண்டு எனக்குத் தெரியேல்லை, பிள்ளை.”

பிலோமினாவும் பக்கத்தில் குந்திக்கொண்டு உகாய்க் கன்றுகளை நிமிர்த்தத் தொடங்கினார். பிறகு மதிலை அடுக்கினோம். பரமேஸ்வரி தன் பக்கத்திலிருந்து கற்களைத் தூக்கிக் கொடுக்க, பிலோமினா இந்தப் பக்கத்தில் பொருத்தினார். எனக்குக் கல் அடுக்கத் தெரியாததால் சின்னக் கற்களைப் பொறுக்கிக் கொடுத்தேன். மதில் இடுப்பளவு உயர்ந்தபோது, மாடு கட்டும் இடத்துக்கு எந்த மரம் நல்லது என்று பரமேஸ்வரி கேட்டார். இருவரும் அதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்க, நான் கை கழுவப் போனேன்.

இரண்டரை மணிக்குப் படகு. எனக்கு இருந்தது கவலை. இலையில்லாத பன்னிரண்டு தடிகளை வசந்தியிடம் எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது? மிதிபடாத உகாய்க் கன்றுகள் ஆறு தருவதாக பிலோமினா சொன்னார். பூவரசுக் குச்சிகளையும் வேண்டுமானால் எடுத்துப் போகலாம், அவற்றுக்குக் காசு வேண்டாம் என்றார்.

“வேர் கிடக்குது அக்கா. உப்புப் பழகினது வேர்தான், இலையில்லை.”

சொன்ன தொனியில் உறுதி இருந்தது. ஆனால் எல்லாம் தளிர்க்கும் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. பதினெட்டையும் பெட்டிகளில் அடுக்கினேன்.

படகில் எனக்குப் பக்கத்திலிருந்தவர்கள் அந்தக் குச்சிகளைப் பார்த்துவிட்டு மரியாதைக்கு ஒன்றும் கேட்காமல் இருந்தார்கள். தீவு பின்னால் ஒரு கோடாகிக்கொண்டிருந்தது. வவுனியாவில் என் வீட்டுக் கிணற்றில் வருடம் முழுவதும் நல்ல தண்ணீர். முற்றத்தில் ஒரு மரம் பட்டுப்போனால் அதே கிழமை இன்னொன்று நடுவேன். எது எப்படிப் பிழைக்கிறது என்று யோசிக்க வேண்டிய தேவை எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஒரு மரத்தை நடுவதற்கு முன்பு, அது வாழப்போகும் கஷ்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குக் கொடுத்துப் பழக்க வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்ளவே எனக்கு அந்த ஒரு மணி நேரக் கடல் தேவைப்பட்டது. கொடுக்கிறவரின் கை அளவறிந்ததாக இருக்க வேண்டும். அதிகமானால் கொலை. பிலோமினா தினமும் அந்த விளிம்பில்தான் நிற்கிறார்.

சரவணைக்கு வந்து சேர மாலை ஐந்தரை ஆகிவிட்டது. வசந்தி பெட்டிகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். சிவபாலன் ஒரு குச்சியைத் தூக்கி, பையின் ஓட்டையால் வெளியே நீண்டிருந்த வேரைத் தடவிப் பார்த்தார்.

“மழை வருமட்டும் இதுக்கு எந்தத் தண்ணி ஊத்திறது?” என்று கேட்டார்.

“உங்கட கிணத்துத் தண்ணிதான்,” என்றேன்.

கிணற்றை மூடியிருந்த தகரத்தை அவர் இழுத்து நீக்கினார். வாளி விழுந்த சத்தத்துக்குப் பிள்ளைகள் இருவரும் வெளியே ஓடிவந்தார்கள்.

ஐப்பசி கடைசியில் மழை விழுந்ததும் நட்டார்கள். நான் இதை எழுதும் மாசி மாதத்தில், உகாய் ஆறும் நிற்கின்றன. பூவரசில் எட்டு தளிர்த்திருக்கின்றன. நான்கு பட்டுவிட்டன. யாழ்ப்பாணத்தில் வீடு பார்க்கும் கதை என்ன ஆயிற்று என்று போன கிழமை தொலைபேசியில் வசந்தியிடம் கேட்டேன். நல்ல வீடொன்று வந்ததாம், சிவபாலன் போய்ப் பார்த்தும் வந்தாராம். வீட்டுக்காரருக்கு அவர் சொன்ன பதிலை அவள் அப்படியே சொன்னாள்.

“இந்தச் சித்திரை வெயில் ஒருக்கால் கழியட்டும். பிறகு பாப்பம்.”