ரெண்டு வீட்டுக்கு ஒரே சோபா

நம்பாதேம்மா, அந்த நாடகத்து மாமியார் போட்டிருக்கிற நகையை. நேற்று உன் வீட்டுக் கலர் டிவியில் பார்க்கும்போதே சொல்ல வாயெடுத்தேன். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாய், அழுகிறவளை எதற்குக் கெடுப்பது என்று விட்டுவிட்டேன். படுக்கப் போகும்போதுகூட அட்டிகையைக் கழற்றாத பொம்பளையை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? இப்போது எல்லாமே பளபளவென்று இருக்கிறது. மாடிப்படி என்ன, தொங்கு விளக்கு என்ன. அதனால்தான் எனக்குச் சந்தேகம்.

முன்னே இப்படியா? வாரத்துக்கு ஒரு தரம்தான் நாடகம். அம்பத்தூரில் எங்கள் தெருவுக்கே ஒரு கறுப்பு வெள்ளை டிவி, அதுவும் மளிகைக் கடைக்காரர் வீட்டில். நாடகத்தில் கதவைச் சாத்தினால் சுவர் ஆடும். செத்துக் கிடப்பவர் வயிறு ஏறி இறங்கும். எனக்குப் படிக்கத் தெரியாது. மற்றவர்கள் எழுத்தைப் பார்ப்பார்கள், நான் சாமான்களைப் பார்ப்பேன். அப்படித்தான் ஒரு நாள் பிடித்தேன். ஏழை குமாஸ்தா வீட்டில் கிடந்த சோபா, அடுத்த வாரம் அவருடைய முதலாளி பங்களாவில் கிடந்தது. மேலே பூப்போட்ட துணியை விரித்திருந்தார்கள். ஆனால் கைப்பிடியில் அதே கிழிசல்.

"அய்ய, அதே சோபா கீதுய்யா!" என்று கத்திவிட்டேன்.

"சும்மா கெட. கதைய பாரு," என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"கதைய நீ பாரு. நான் சோபாவ பாத்துக்கினு கீறேன்."

அந்தச் சமயத்தில்தான் என் பெரிய பெண்ணுக்கு ஆவடியிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்கு ஃபாக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. என் அக்காவுக்கு இப்படித்தான் ஒரு மாடி வீட்டைக் காட்டிக் கல்யாணம் பண்ணி, வேப்பம்பட்டில் ஒழுகுகிற குடிசையில் கொண்டுபோய் விட்டார்கள். குடிசைக்காக அவள் அழவில்லை, பொய்க்காக அழுதாள். அதனால் இல்லாத வீடானாலும் பரவாயில்லை, பொய் சொல்கிற வீட்டுக்கு மட்டும் பெண்ணை அனுப்புவதில்லை என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் மாப்பிள்ளை வீடு பார்க்க வீட்டுக்காரரோடு ரயில் ஏறினேன். எதிரே உட்கார்ந்திருந்த பொம்பளை ஆவடி வரைக்கும் முறுக்கு தின்றாள், ஒரு பேச்சுக்குக்கூட எடுத்துக்கோ என்று சொல்லவில்லை. அது கிடக்கட்டும்.

அங்கே போனால் கதவு பாதிதான் திறந்தது. ஒருக்களித்து நுழைந்தேன். உள்ளே ஒரு சோபா! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டுக்காரர் ஆசையாக உட்கார்ந்து ஒரு தரம் குதித்துப் பார்த்தார். நான் உட்காரவில்லை. காபி கொண்டுவந்த பையனுடைய அம்மா சோபா முனையில் முட்டியை இடித்துக்கொண்டாள். தட்டு எடுக்கப் போன அவனுடைய அப்பாவும் அதே இடத்தில் இடித்துக்கொண்டார். சொந்த வீட்டுச் சாமான் என்றால் கால் தானாக விலகிப் போகாதா?

"சோபா எப்ப வாங்கினீங்க?" என்று கேட்டேன்.

"அது ஆச்சு, ரொம்ப நாளு," என்றாள் அந்த அம்மா. முகம் மட்டும் என் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்காரர் என் கையைக் கிள்ளினார். கிளம்பலாம் என்று நான் புடவையைச் சரி பண்ணினேன். அப்போது அதுவரை வாயே திறக்காத பையன் பேசினான்.

"எங்களுது இல்லீங்க. பக்கத்து ஊட்டுது. பொழுது சாயறதுக்குள்ள திருப்பிக் குடுக்கணும்."

"டேய்!" என்றாள் அவனுடைய அம்மா.

"பின்ன இன்னாம்மா? நாளைக்கு அந்தப் பொண்ணு வந்து சோபா எங்கன்னு கேட்டா இன்னா சொல்லுவ?"

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "எழுந்திருய்யா," என்று வீட்டுக்காரரைக் கிளப்பினேன். "காபிய குடிச்சிட்டு ஆளுக்கு ஒரு கை புடிப்போம். கதவாச்சும் முழுசா தொறக்கட்டும்."

எல்லோருமாகத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் வைத்தோம். திரும்பி வந்து பாயில் உட்கார்ந்துதான் தாம்பூலம் மாற்றினோம்.

ரயிலில் வரும்போது மறுபடியும் சந்தேகம் வந்தது. இந்த நிஜத்தையும் சொல்லிக்கொடுத்து நடிக்க வைத்திருப்பார்களோ? ஆனால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரி குனிந்து, சோபாவின் கால் உடைந்திருக்கிறதா என்று நாலு காலையும் தடவிப் பார்த்தாளே, அது நடிப்பில்லை. அந்த எண்ணத்தில்தான் அன்று ராத்திரி தூங்கினேன். நல்லவேளை, என் கணக்கு தப்பவில்லை. இன்றைக்குப் பேரனும் பேத்தியும் அந்தக் கூடத்தில் உருண்டு புரள்கிறார்கள், இடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன். இப்போது நாடகத்தில் ஆளுக்கொரு சோபா, ஒன்றில்கூடக் கிழிசல் கிடையாது. எதை வைத்து நம்புவது, எதை வைத்துச் சந்தேகப்படுவது? என் பெண்ணும் அதைப் பார்த்துவிட்டு, ஒரு சோபா வாங்கினால் என்ன என்று மாப்பிள்ளையை... அய்யய்யோ, தூறல் போடுதே! மாடியில் வடகம் காயுது. அந்த முறத்தை எடும்மா, சீக்கிரம்!