பங்கு மடலுக்கு லட்சணம் வந்த கதை

லூர்துமேரிக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். நீளம்தான். அந்த ஊருக்கு அந்த வாயும் போதாது.

ஊர்ப் பேர் வேண்டாம். திண்டிவனத்திலிருந்து பாண்டி ரோட்டில் போய், கிளியனூருக்கு முன்னாலேயே இறங்கி உள்ளே நடந்தால் வரும். பேரைச் சொன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். வேறு எந்த நல்ல காரியத்துக்கும் அவ்வளவு வேகமாக வரமாட்டார்கள்.

திண்டிவனத்தில் கோர்ட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு மனு அடித்துக் கொடுப்பது லூர்துமேரியின் பிழைப்பு. பாகப்பிரிவினை, வரப்புச் சண்டை, ரேஷன் கார்டு என்று வருஷக்கணக்கில் அடித்து அடித்து மனுஷ ஜாதியைப் பற்றி அவளுக்கு ஒரு தீர்மானம் வந்திருந்தது. எந்தக் காகிதத்தைக் கையில் கொடுத்தாலும் மனுஷன் முதலில் தன் பேரைத் தேடுகிறான். பேர் சரியாக இருந்துவிட்டால் மற்றதைப் படிப்பதில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, வெற்றிலை மெல்லப் போய்விடுகிறான்.

ஊர் மாதா கோயிலில் பூசை, அறிவிப்பு எல்லாம் போட்டு வருகிற பங்கு மடலையும் மாதாமாதம் அவள்தான் ஸ்டென்சிலில் அடித்துக் கொடுப்பாள். சாமியார் பங்களாவில் ஒரு பழைய சைக்ளோஸ்டைல் மெஷின் இருந்தது. அதில் ஓட்டி எடுத்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கொடுப்பார்கள். திங்கட்கிழமை அது டீக்கடையில் போண்டா எண்ணெய் பிழிய உதவும். அதற்காவது உதவிற்றே!

அந்தக் கோயிலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஞானஸ்நானத் தொட்டி எல்லாருக்கும் ஒன்றுதான். நற்கருணையும் ஒன்றுதான். செத்தால் மட்டும் குழி வேறு. ஊர்க்காரர்களுக்குக் கோயிலை ஒட்டி மதில் கட்டிய கல்லறை; காலனிக்காரர்களுக்கு வாய்க்காலைத் தாண்டி, கருவேல முள்ளுக்கு நடுவே ஒரு கல்லறை. மோட்சத்திலும் இப்படித்தான் வாய்க்கால் வெட்டி வைத்திருக்கிறார்களோ என்னவோ, போய்ப் பார்த்தவர் யாரும் திரும்பி வந்து சொல்லவில்லை.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வரும். குழிமேட்டைச் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, சாமந்திப்பூ போட்டு மெழுகுவத்தி ஏற்றுவார்கள். சாமியார் ஒவ்வொரு குழியாக வந்து, செத்தவர் பேரைச் சொல்லி, தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். இது ஊர்க் கல்லறையில் நடக்கிற முறை. காலனிக் கல்லறைக்கு, ஊர் வேலை முடிந்து, வெளிச்சம் இருந்து, சாமியாருக்குக் கால் வலிக்காமல் இருந்தால் வருவார். முக்கால்வாசி வருஷம் கால் வலித்தது.

எண்பத்தைந்திலும் வலித்தது. லூர்துமேரியின் புருஷன் பூமாலை, மல்லாட்டை உடைக்கிற மில்லில் மூட்டை தூக்கியவன், மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்த வருஷம் அது. அவனுக்கு முதல் கல்லறைத் திருநாள். காலனிக் கல்லறையில், மழைத் தூறலில் மெழுகுவத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு அவள் நின்றாள். இருட்டுகிற நேரத்தில் சாமியாருக்குக் கையாளான உபதேசியார் மட்டும் வந்தார். ஊர்க் கல்லறையில் மிச்சமான தீர்த்தத்தை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து, நாற்றங்காலுக்குத் தெளிக்கிற மாதிரி வாசலில் நின்றபடியே மொத்தமாகத் தெளித்துவிட்டு நடையைக் கட்டினார். பூமாலை என்ற பேரை யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு லூர்துமேரிக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த வருஷம் பகல் வெளிச்சத்தில் சாமியார் இந்தக் குழிமேட்டில் நின்று என் புருஷன் பேரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மிச்சத் தீர்த்தம் அல்ல, முதல் தீர்த்தம் அவன்மேல் விழ வேண்டும் என்று அங்கேயே மனசில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

அந்த அடுத்த வருஷம், எண்பத்தாறில், புதுச் சாமியார் வந்தார். இளவயசு. நல்ல மனுஷர்தான், யார் பேசினாலும் தலையாட்டுவார், அதுதான் சங்கடம். அவர் பங்குக் கமிட்டியைக் கூட்டினார்.

"மடல் பார்க்க அழகா இருக்கணும், ஜனங்களுக்கு உபயோகமாவும் இருக்கணும். ஆளுக்கொரு யோசனை சொல்லுங்க" என்றார்.

கமிட்டிச் செயலாளர் மாசிலாமணி முதலில் தொண்டையைக் கனைத்தார். ரைஸ் மில் வைத்திருப்பவர். கோயிலில் ஒரு பெஞ்சு வாங்கிக் கொடுத்தாலும் உட்காருகிற இடம் தவிர மற்ற இடமெல்லாம் தன் பேரை எழுதி வைப்பவர்.

"மொதல்ல இந்த சைக்ளோஸ்டைல ஒழிக்கணும் சாமி. கையெல்லாம் மை ஒட்டிக்கினு ஒரே பேஜாரு. விழுப்புரத்துல பிரஸ்ல குடுப்போம். மேல எறக்க வச்ச சம்மனசு படம், சுத்தி பூ பார்டரு. அப்பத்தான் மடலுக்கு ஒரு லட்சணம்."

இன்னொருவர் ஒலிவ இலை கவ்விய புறா வேண்டுமென்றார். "உபயோகம்னா, ராகு காலம் போடலாங்க" என்றார் மூன்றாமவர். சாமியாருக்கு முகம் செத்துவிட்டது. மற்ற யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. வீட்டுக் காலண்டரில் இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே தினமும் அவர்கள் பார்ப்பது அதைத்தானே.

லூர்துமேரி கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு நாற்காலி போட யாருக்கும் தோன்றவில்லை.

"எந்த ஊர்ல என்னிக்கிப் பூசைன்னு போடுங்க. யாரு சீக்கா கெடக்கறாங்கன்னு போடுங்க. கல்லறை மந்திரிப்பு எங்க, எத்தினி மணிக்கின்னு போடுங்க. அத வுட்டுட்டுப் புறாவாம், சம்மனசாம்! சம்மனசா வந்து மணி சொல்லப்போவுது?"

"ஏ லூர்து, டைப் அடிக்கிறவ டைப் அடி. டிசைனப் பத்தி உனுக்கு இன்னா தெரியும்?" என்றார் மாசிலாமணி.

கூட்டம் கலைந்ததும் அவள் சாமியாரைப் பிடித்துக்கொண்டாள். "சாமி, எங்க கல்லறைக்கு எத்தினி மணிக்கி வருவீங்க?"

சாமியார் நெளிந்தார். "நாலு மணிக்கு உங்க கல்லறை, அஞ்சு மணிக்கு ஊர்க் கல்லறைன்னு வச்சா எனக்குக் கஷ்டமே இல்லம்மா. ஆனா கமிட்டி ஒத்துக்கணுமே. செயலாளர் கையெழுத்துப் போட்டு, மடல்ல வந்துடுச்சின்னா நான் கண்டிப்பா வந்துடுவேன்."

மாசிலாமணி ஒத்துக்கொள்ளமாட்டார் என்ற தைரியத்தில் சொன்ன வார்த்தை அது. லூர்துமேரிக்கா தெரியாது? "சொன்ன சொல்லு சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

மடலை அச்சுக்குக் கொடுத்து வர அவளைத்தான் அனுப்பினார்கள். விழுப்புரம் போகிற பஸ் விக்கிரவாண்டியில் லாரிகளுக்குப் பின்னால் நின்று நின்று போயிற்று. அவளுக்கு அது வசதியாகப் போனது. மடலில் எந்த மேட்டர் எங்கே வரவேண்டும் என்று மனசுக்குள் வைத்து எடுத்துக்கொண்டே வந்தாள்.

பிரஸ்ஸில் கம்பாசிட்டர் கண்ணையன் என்பவர் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தார். சம்மனசு பிளாக் கேட்டதற்கு அவர் தலையைச் சொறிந்தார். பிள்ளையார் இருந்தது, குத்துவிளக்கு இருந்தது, கல்யாணப் பத்திரிகைக்குப் போடுகிற, மாலையோடு பறக்கும் தேவதை ஒன்று இருந்தது.

"இத வச்சிக்கலாமா? சிலுவ மட்டும் பக்கத்துல போட்டுர்றேன்."

"போடுங்க. அவங்க கண்ணுக்கு எறக்க இருந்தா சம்மனசுதான்" என்றாள் லூர்துமேரி.

பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, நடுப்பக்கத்தில் ஒரு கட்டம் போடச் சொன்னாள். சுற்றிலும் பூ பார்டர். உள்ளே கல்லறைத் திருநாள் அறிவிப்பு. மாலை 4 மணி, காலனிக் கல்லறை மந்திரிப்பு. அதற்குக் கீழே, தீர்த்தச் செம்பு ஏந்தி முன்செல்பவர், உயர்திரு மாசிலாமணி அவர்கள், அரிசி ஆலை அதிபர், பங்குக் கமிட்டிச் செயலாளர். அதற்கும் கீழே, மாலை 5 மணி, ஊர்க் கல்லறை மந்திரிப்பு. மாசிலாமணியின் பேரை மட்டும் தடித்த எழுத்தில் கோக்கச் சொன்னாள்.

புரூப்பை எடுத்துக்கொண்டு நேராக ரைஸ் மில்லுக்குப் போனாள். மாசிலாமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு சம்மனசைப் பார்த்தார். "ஆகா, தெய்வீகக் களை!" என்றார். பிறகு தன் பேரைக் கண்டார். அதற்குமேல் அந்தக் கண்கள் எங்கேயும் போகவில்லை. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்த்தார்.

"எல்லாஞ் சரி லூர்து. பேரு இன்னும் கொஞ்சம் பெருசா வரலாமே?"

"பேரு பெருசானா மேல இருக்கற வரி சின்னதாப் பூடுங்க."

"பூட்டுமே! மேல இருக்கறத எவன் படிக்கப்போறான்?"

"படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க, செயலாளரய்யா. அப்புறம் எம்மேல பழி போடக் கூடாது."

"படிச்சாச்சி, படிச்சாச்சி" என்று, படிக்காமலே போட்டார் மகராசன். காலனி வரியை அவரே பொடி எழுத்தாக்கி, அதற்குக் கீழே தன் கையெழுத்தையும் சுழித்து வைத்தார்.

மடல் வந்தது. மாசிலாமணி கோயில் வாசலில் நின்று கல்யாணப் பத்திரிகை மாதிரி இரண்டு கையாலும் கொடுத்தார். சொந்தக்காரர்களுக்குத் தபாலில் அனுப்பினார், பாங்கு மேனேஜருக்குக் கொடுத்தார், பிஷப்பின் ஆயர் இல்லத்துக்கும் ஒன்றை அனுப்பினார். பெரிய மனுஷன் பேரைப் பெரிசாகப் பார்த்துவிட்டு எல்லாரும் மடித்து வைத்துக்கொண்டார்கள். சாயங்காலம் டீக்கடையில் எவனோ வேலையற்றவன் பொடி எழுத்தையும் படித்துத் தொலைத்தான். அவ்வளவுதான்!

"காலனிக்கி மொதல்லயா? அதுவும் செம்பத் தூக்கிக்கினு நம்ம மாசிலாமணியா?" என்று தெரு கொந்தளித்தது. மாசிலாமணி சாமியார் பங்களாவுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். லூர்துமேரி அங்கே அடுத்த மாத மேட்டர் வாங்க வந்திருந்தாள்.

"சாமி, அச்சுல தப்பு வந்துடுச்சி! இவ பண்ணின வேல. மாத்திச் சொல்லிடுங்க."

லூர்துமேரி பையிலிருந்து புரூப்பை எடுத்து நீட்டினாள். சாமியார் அதில் மாசிலாமணியின் கையெழுத்தைப் பார்த்தார், லூர்துமேரியைப் பார்த்தார். அவருக்குத் திடீரென்று முதுகெலும்பு முளைத்துவிட்டதென்று யாரும் நினைக்க வேண்டாம். ஆயர் இல்லத்துக்கு ஒரு மடல் போயிருக்கிறதே, மாற்றினால் ஏனென்று கேட்பார்களே, அந்தப் பயம்.

"சொல்லிடலாம்ங்க. ஞாயித்துக்கெழம பிரசங்கத்துக்கு முன்னால, மாசிலாமணி பேர் மடல்ல தவறுதலா வந்துடுச்சி, அவர் வரமாட்டார், அடிச்சிடுங்கன்னு அறிவிச்சிடட்டுமா?"

மாசிலாமணி அவசரமாகக் கையை ஆட்டினார். "பேரு இருக்கட்டும் சாமி. மணிய மட்டும்…" என்று இழுத்தார்.

"ரெண்டும் ஒரே கட்டத்துலதான இருக்குது? ஒண்ண அடிச்சா இன்னொண்ணயும் அடிக்கணும்" என்றாள் லூர்துமேரி.

தன் பேரை ஊர் முழுக்கப் பேனா எடுத்து அடிப்பதை அந்த மனுஷரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தாத்தன் காலத்திலிருந்து கட்டிக் காத்த ஜாதிப் பெருமை ஒரு பக்கம், தடித்த எழுத்தில் வந்த பேர் ஒரு பக்கம். இரண்டாவதுதான் கனத்தது. பிறகு, "நாலு மணின்னா நாலு மணிக்கிக் கெளம்பணும் சாமி, லேட்டாக்கிடாதீங்க" என்று எரிந்து விழுந்துவிட்டுப் போனார். தூ! பெருமையின் விலை அவ்வளவுதான்.

கல்லறைத் திருநாளன்று மழை விட்டிருந்தது. வாய்க்கால் வரப்பில் சேறு. ஊர்க்காரர் பாதிப் பேர் கோயில் வாசலில் நின்று வேடிக்கை பார்க்க, மாசிலாமணி பட்டு ஜிப்பாவும் சலவை வேட்டியுமாக, தீர்த்தச் செம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சாமியாருக்கு முன்னால் நடந்தார். பிறந்த நாளிலிருந்து அந்த வாய்க்காலை அவர் தாண்டியதில்லை.

வாசலை ஒட்டி முதல் குழிமேடு பூமாலையுடையது. சாமியார் அங்கே நின்றார். வெளிச்சம் நன்றாக இருந்தது. "பூமாலை" என்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேரைச் சொல்லி ஜெபித்து, நிறைந்த செம்பிலிருந்து முதல் தீர்த்தத்தைத் தெளித்தார். போன வருஷம் வராத அழுகை லூர்துமேரிக்கு அப்போது வந்தது. மாசிலாமணி பார்க்கிறாரே என்றுகூட அவள் நினைக்கவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுது தீர்த்தாள். சாமியார் ஒவ்வொரு குழியாகப் போனார். பேர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு குடும்பமாக அழுதது.

எல்லாம் முடிந்ததும் காலனிப் பெரியவர்கள் மாசிலாமணிக்கென்று ஊர்க் கடையிலிருந்து வாங்கி வைத்திருந்த கலர் சோடா பாட்டிலை எடுத்து வந்தார்கள். காலனிப் பாத்திரத்தில் அவர் குடிக்கமாட்டாரே! பாட்டில் என்றால் தீட்டில்லை. லூர்துமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பாட்டிலைப் பிடுங்கி ஓரமாக வைத்தாள். சாமியாருக்குக் கொடுத்த அதே கடுங்காப்பியை இன்னொரு டம்ளரில் ஊற்றி அவர் முன்னால் நீட்டினாள்.

"எனக்கு வேணாம்மா. நான் சாயங்காலத்துல காப்பி குடிக்கிறதில்ல."

"குடிங்க. நீங்க குடிச்சாலும் குடிக்காட்டியும், காலனியில காப்பி அருந்தினார் உயர்திரு மாசிலாமணின்னுதான் அடுத்த மாசம் மடல்ல போடப்போறேன். பேரு இதவிடப் பெருசா."

மாசிலாமணி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களைப் பார்த்தார். சாமியாரைப் பார்த்தார், சாமியார் தம் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளரை வாங்கி, வாய் வைத்து, ஒரே மூச்சில் குடித்து முடித்தார். உதட்டைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கமாகக் குனிந்து, மற்றவர் காதில் விழாதபடி கேட்டார்.

"போட்டோவும் போடுவியா?"