தொண்டியில் சமாதானச் சாப்பாடு

தங்கையின் கையை அவள் புருஷன் அடித்தே ஒடித்தான். அதிலிருந்து அவள் மதுரை தல்லாகுளத்தில் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். கட்டுப் பிரித்த மறுவாரமே பெரியப்பா சமாதானம் பேசக் கிளம்பிவிட்டார். எங்கள் சனத்தில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. முறைத்துக்கொண்டவர்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் சண்டை முடிந்தது. அப்புறம் யாரும் பழசைக் கிளறக் கூடாது. எங்கள் வீட்டில் அவன் சாப்பிட மாட்டான், அவன் வீட்டில் நான் சாப்பிட மாட்டேன். அதனால் பொது இடமாக, தொண்டியில் கடலைப் பார்த்த ஒரு மீன் கடையைப் பெரியப்பா பிடித்தார்.

சாப்பாடு பிரமாதம்தான், பொய் சொல்ல மாட்டேன். விளமீன் குழம்பு கிண்ணத்தில் தளதளவென்று வந்தது. பெரியப்பா அவசரமே படாமல் நண்டுக் காலை உறிஞ்சிவிட்டு, "மதுரையில எங்க தேடுனாலும் இந்த ருசி வருமாடா?" என்றார். எதிரே அவன் நண்டு ஓட்டைப் பல்லால் நொறுக்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு நொறுங்கலுக்கும் தங்கையின் தோள் ஒடுங்கியது. அதைப் பார்க்கப் பார்க்க அந்தப் பல்லை உடைக்க வேண்டும் போல எனக்குக் கை பரபரத்தது.

அவள் இலையைத் தொடவில்லை. சாப்பிட்டால் அன்றைக்கே அவனோடு போயாக வேண்டும்.

"ரெண்டு வாய் சாப்புடுத்தா. எல்லாரும் ஒன்னயத்தான பாக்குறோம்," என்றார் பெரியப்பா.

"வேணாம் பெரியப்பா."

"அம்புட்டுத் திமிரு!" என்று அவன் எட்டி அவள் வலது கையைப் பிடித்தான். ஒடிந்த அதே கை. ஆவி பறக்கிற குழம்புக் கிண்ணத்துக்குள் வைத்து அமுக்கினான். அவள் அலறினாள்.

எவர்சில்வர் தண்ணி ஜக்கால் அவன் வாயிலேயே அடித்தேன். நாற்காலியோடு மல்லாந்தான். மேலே ஏறி உட்கார்ந்து, ஜக் நெளியும் வரை அடித்தேன். அவன் சட்டையில் குழம்பு எது ரத்தம் எது என்று தெரியவில்லை. பரிமாறியவர்கள் என்னை இழுத்துப் போட்டார்கள். "எல்லாத்தையும் கெடுத்துட்டியேடா!" என்று பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அதில் இன்றுவரை துளி வருத்தமும் கிடையாது.

அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் கைக்கு மருந்து போட்டுக்கொண்டு காரில் மதுரைக்குத் திரும்பினோம். மாட்டுத்தாவணி வந்ததும் தங்கை, "அண்ணே, பசிக்குது" என்றாள்.

புரோட்டாக் கடையில் உட்கார்ந்தோம். வலது கையில் துணி சுற்றியிருந்ததால் இடது கையால் பிய்த்துச் சாப்பிட்டாள். வேறு நாளாக இருந்தால் பெரியப்பா அதற்கே திட்டியிருப்பார். பாதி சாப்பிட்டவள், தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்களும் சாப்புடுங்க பெரியப்பா. சாப்புட்டா, இனி என்னய அங்க போகச் சொல்லக் கூடாது."

பெரியப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் கையை எடுக்கவில்லை. கடைசியில் அவர் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து, ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டார்.