பார்த்தேன் என்று சொன்ன பெல்ட்

தொண்ணூறுகளின் நடுவில், தாம்பரம் கிழக்கில் நாங்கள் இருந்த காலனியில் யாராவது பழைய கார் வாங்கப் போனால் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் மெக்கானிக் இல்லை. கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒரு சிறிய கார் இருந்தது, அதோடு வந்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்திருந்தேன், ஒரு ஸ்பானர் செட் வைத்திருந்தேன். அந்தத் தெருவில் நிபுணர் ஆவதற்கு அது போதும்.

பக்கத்து வீட்டுக்காரர் வங்கியில் வேலை பார்த்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவருடன் அனகாபுத்தூருக்குப் போனேன். அங்கே ஓய்வு பெற்ற ஒரு அதிகாரி தன் காரை விற்க இருந்தார். என்னுடையது போன்ற கார்தான். மீட்டர் ஐம்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர் காட்டியது. இவ்வளவு ஓடிய வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது டைமிங் பெல்ட்.

அது என்ஜினின் ஓரத்தில் ஒரு மூடிக்குள் ஓடும் பல் வைத்த ரப்பர் பட்டை. மேலே வால்வுகளும் கீழே பிஸ்டன்களும் தாளம் தப்பாமல் வேலை செய்வது அதனால்தான். அது தேய்ந்தால் பெரும்பாலும் சத்தம் வராது, ஓட்டுகிறவருக்கு எதுவும் தெரியாது. ஒரு நாள் அறுந்துவிடும், வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடும். எனவே மூடியைக் கழற்றி, விரிசல் இருக்கிறதா, ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறதா, பற்கள் முழுசாக இருக்கின்றனவா என்று கண்ணால் பார்க்க வேண்டும். வேறு வழி கிடையாது.

நான் பத்தாம் நம்பர் ஸ்பானரை எடுத்து முதல் போல்ட்டில் வைத்தேன். அது அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். ஸ்பானர் நழுவி போல்ட்டின் தலையைச் சுரண்டியது.

"போன வருஷம்தான் சார் பெல்ட்டு மாத்தினேன்" என்றார் அதிகாரி. சிரித்துக்கொண்டே, "என்னை நம்பலாம் சார், நான் ஏமாத்திட்டு எங்க ஓடப் போறேன்?" என்றும் சொன்னார்.

அதே நேரத்தில் அவர் மனைவி கேசரியும் காபியும் கொண்டுவந்து வைத்தார். ஒருவர் வீட்டு வாசலில், அவர் கொடுத்த கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் சொன்னது உண்மையா என்று அவர் வண்டியைக் கழற்றிப் பார்ப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. ஸ்பானரைப் பையில் போட்டுவிட்டேன்.

திரும்பி வரும்போது பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், "நீங்க வரலேன்னா நான் இந்த விஷயத்துல இறங்கியே இருக்க மாட்டேன் சார். பெல்ட் பாத்தீங்க இல்ல?"

"பாத்தேன். புதுசு" என்றேன்.

அதிகாரி சொன்னார் என்பதை நான் பார்த்தேன் என்று மாற்றிவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. சோதனையைச் செய்யாமல் அளவுகளை எழுதிக்கொண்டு வந்த மாணவர்களின் ரெக்கார்டு நோட்டை முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அந்த நினைவு அப்போது வரவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் காரை வாங்கினார். இரண்டு மாதம் கழித்து அவர் எண்ணெய் மாற்றுவதற்காக வண்டியைக் கேம்ப் ரோடு தாண்டி இருந்த மெக்கானிக்கிடம் விட்டார். தகரக் கூரை போட்ட சின்ன ஷெட். எங்கள் காலனியில் நாலைந்து கார்கள் அங்கேதான் போகும், என்னுடையதும். மாலையில் வண்டியை எடுக்கப் போனபோது என்னையும் துணைக்கு அழைத்தார்.

மெக்கானிக் மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். "சார், பெல்ட்டு போச்சு. இத்த மாத்திடுங்க. வந்து பாருங்க சார்."

பக்கத்து வீட்டுக்காரர் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. "எண்ணெய் மாத்தத்தானேப்பா குடுத்தேன்? இதை யார் தொறக்கச் சொன்னது? சார் ரெண்டு மாசம் முன்னாடிதான் பாத்தார். புது பெல்ட்."

"புச்சா? இன்னா சார் சொல்றீங்க, நூலு நூலா பிஞ்சி கீது. நீங்களே வந்து பாருங்க."

"படிச்சவர், ப்ரொபசர், அவர் பாத்துச் சொல்லியிருக்கார். நீ எனக்குச் சொல்றியா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார்."

நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. பட்டையின் முதுகில் குறுக்கே வரிவரியாக விரிசல். ஓரத்தில் வெள்ளை நூல் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மாதத்தில் புது பெல்ட் இப்படி ஆகாது. ஒரு வாக்கியம் சொன்னால் போதும். மெக்கானிக் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்றேன்.

மெக்கானிக் மூடியை மாட்டினார். ஒவ்வொரு போல்ட்டாக நிதானமாக முறுக்கினார். வழியெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் இந்த மெக்கானிக்குகள் இல்லாத கோளாறை எப்படி உண்டாக்குகிறார்கள் என்று பேசிக்கொண்டு வந்தார். நான் தலையாட்டினேன்.

ஒரு மாதத்துக்குள் அது அறுந்தது. செங்கல்பட்டில் ஒரு கிரகப்பிரவேசத்துக்கு மனைவி, இரண்டு பிள்ளைகளோடு போய்க்கொண்டிருந்தார். கூடுவாஞ்சேரி தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டி ஓடிக்கொண்டிருந்தபடியே அணைந்துவிட்டது. பின்னால் வந்த லாரி எப்படியோ ஒதுங்கிப் போனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பட்டுப்புடவையோடு அவர் மனைவி வண்டியை ஓரத்துக்குத் தள்ளினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மறுநாள் அவர் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "சார் பாத்தப்போ நல்லாத்தான் இருந்தது. அந்தக் கேம்ப் ரோட்டுக்காரன் கழட்டி மாட்டும்போதே ஏதோ பண்ணிட்டான். மாத்தலன்னு கோபம்."

காலனியில் இதை நம்பாதவர் இல்லை. ஒவ்வொருவராக வேறு ஷெட்டுக்கு மாறினார்கள்.

மூன்று வாரம் கழித்து நான் மட்டும் அங்கே போனேன். வேலை நாளாக இருந்தும் ஷெட்டில் ஒரு வண்டிகூட இல்லை. மெக்கானிக் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"நான் அன்னிக்கு அனகாபுத்தூர்ல அந்த மூடியைத் தொறக்கவே இல்ல" என்றேன்.

"தெரியும் சார்" என்றார். பேப்பரை மடித்தார். "மூடி மேல மண்ணு பாறை மாரி ஒட்டிக்கினு இருந்துச்சு. ஒரே ஒரு போல்ட்ல மட்டும் ஸ்பானர் சறுக்கின தழும்பு. யாரோ தொறக்கப் பாத்துட்டு வுட்டுட்டாங்கன்னு நெனச்சேன்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"உங்க மூஞ்சப் பாத்தேன் சார். நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்."

பக்கத்து வீட்டுக்காரரிடம் நேரே சொல்லிவிடுகிறேன் என்றேன். மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "அவரு ஒருத்தராண்ட சொன்னா இன்னா சார் ஆவும்? அவரு நாலு வூட்ல சொல்லி வச்சிகிறாரு. அந்த நாலு வூட்லயும் சொல்லுங்க."

அன்று மாலையே பக்கத்து வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேசரியைக்கூட விடவில்லை. அவர் எழுந்து ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். லாரியை நினைத்திருப்பார். உள்ளே அவர் மனைவி பாத்திரம் கழுவும் சத்தம் நின்றிருந்தது. கடைசியில் சொன்னார், "சரி, நடந்தது நடந்துபோச்சு. வெளிய யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க சார். உங்களுக்குன்னு ஒரு பேர் இருக்கு."

அந்த மெக்கானிக்குக்கும் ஒரு பேர் இருந்தது என்பது வீட்டுக் கேட்டைத் திறக்கும்போதுதான் என் நாக்குக்கு வந்தது. திரும்பிப் போய்ச் சொல்ல பத்து அடிதான் தூரம். போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டபோது எனக்கு வந்தது ஆறுதல். அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. மற்ற வீடுகளில் நான் சொல்லவே இல்லை. முதலில் அடுத்த வாரம் என்று நினைத்தேன், பிறகு யாராவது கேட்டால் சொல்லலாம் என்று நினைத்தேன். யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டுக்காரர்களில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை.

காலனியிலிருந்து அந்த ஷெட்டுக்குப் போன வண்டி அதன்பின் என்னுடையது மட்டும்தான். அந்தக் காரை விற்கும்வரை ஏழு வருடம் அவரிடமே விட்டேன். அவர் ஒருநாளும் பழைய பேச்சை எடுக்கவில்லை. நாலு வீட்டிலும் சொன்னீர்களா என்று கேட்கவும் இல்லை. வண்டிகள் வராததிலிருந்தே அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு சர்வீஸின்போதும், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த மூடியைக் கழற்றுவார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, நான் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்த்துக் கூப்பிடுவார்.

"வந்து பாருங்க சார்."

நான் எழுந்து போய்க் குனிந்து பார்ப்பேன். அவர் என்ஜினை மெதுவாகக் கையால் சுற்றுவார். பட்டை முழுவதும் ஒரு சுற்று வந்து முடியும்வரை பார்ப்பேன். பிறகு அவர் மூடியை மாட்டுவார்.