மழைநாள் புத்தகம்

வரக்காப்பொலயைத் தாண்டியதும் ரப்பர் ஷீட் ஏற்றிய லொறி ஒன்று எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் போக, அந்தப் புளித்த வாடையோடு, எங்கள் ரப்பர் தோட்டத்து லைப்ரரியில் வேலை செய்த விமலாக்கா ஞாபகத்துக்கு வந்தாள்.

வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் பழைய பிள்ளைக் காம்பராதான் லைப்ரரி. கிழிந்த பக்கங்களை அவள் ரப்பர் பாலால் ஒட்டுவாள் என்பதால், எந்தக் கதையைத் திறந்தாலும் இந்த வாடைதான் முதலில் வரும். இருபது வயதுகூட ஆகாத அவள் புத்தகங்களை இரண்டே வகையாகப் பிரித்திருந்தாள்: வெயில் நாளுக்கு மெல்லியவை, மழை நாளுக்குத் தடித்தவை. மரம் நனைந்தால் பால் வெட்டு இல்லை, வேலை இல்லாத நாளில் நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் அடுப்புகள் ஒரு வேளைதான் எரியும். அன்றைக்கு வரும் அம்மாமாரிடம், "பசி தெரியாம இழுத்துட்டுப் போகும், இதக் கொண்டு போங்க" என்று பெரிய நாவல்களாக எடுத்துக் கொடுப்பாள். பாட்டுக் கேசட்டும் அப்படித்தான். "கூரைத் தகரத்துல மழை அடிக்கிறப்ப மெதுவான பாட்டு காதுல விழாதுங்க" என்று, தவில் சத்தம் உள்ளதாகப் பார்த்துத் தருவாள்.

ஒரு நாள், நல்ல வெயிலில், இருந்ததிலேயே தடித்த நாவலை என்னிடம் நீட்டினாள்.

"இன்னைக்கு மழை இல்லையேக்கா."

"வச்சிருந்து படி. நான் குவைத்துக்குப் போறேன். மழை வர்றப்ப இங்க இருக்க மாட்டேன்."

மழை வந்தது. படித்து முடித்து, திருப்பிக் கொடுக்கப் போனேன். புத்தகத் தட்டுகளில் ரப்பர் ஷீட் அடுக்கியிருந்தார்கள்.