அடியழிக்கப் போன இடத்தில் என்னைத் தூக்கிய கைகள்

போன மாசி மாதம் ஒரு காலை, மகளின் சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்தவள் நிமிர முடியாமல் அப்படியே நின்று அழுதேன். முதுகின் அடியில், நாரியில் பிடித்த நோ இடது கால் பெருவிரல் வரை இழுத்தது.

நான் சண்டிலிப்பாயைச் சேர்ந்தவள். ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறேன். எங்கள் வாட்டில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களே அதிகம். புண் வராமல் அவர்களைப் புரட்ட வேண்டும், தூக்கி இருத்த வேண்டும், கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற வேண்டும். எங்களில் நாரி நோ இல்லாதவளைக் காண்பது அரிது. ஆனாலும் ஒருத்தியும் வாய் திறக்கமாட்டாள். நானும் யூனிபோமுக்கு உள்ளே இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சிரித்த முகத்தோடு வேலை செய்தேன்.

கடைசியில் டொக்டர் சொல்லிவிட்டார். இப்படியே தூக்கினால் வாட்டு வேலையை விடவேண்டி வருமாம். எனக்குத் தலையில் இடி விழுந்தது போலிருந்தது. நோயாளியைத் தொடாத ஒரு வேலையை என்னால் நினைத்தும் பார்க்க முடியவில்லை.

மருதனார்மடம் ஆஞ்சநேயர்தான் எனக்கு எல்லாம். மலையையே தூக்கியவருக்கு, தூக்கித் தூக்கி நொந்தவளின் வருத்தம் விளங்காதா? "அப்பனே, இந்த நோவை எடுத்துவிடு. என்னை வாட்டிலேயே வைத்திரு" என்று அழுது கேட்டேன். கோயில் வீதியைச் சுற்றி அடியழிப்பதாக நேர்த்தியும் வைத்தேன். அடிக்கொரு தரம் நிலத்தில் விழுந்து கும்பிட்டு எழும்ப வேண்டிய நேர்த்தி அது. நாரி நோக்காரி வைக்கிற நேர்த்தியா இது என்று தாதியாகிய எனக்கே உறைக்கவில்லை.

"நோ மாறினாப் பிறகுதானே நேர்த்தி செய்யிறது? உமக்கு ஏன் இந்த அவசரம்?" என்றார் என் கணவர். நான் கேட்கவில்லை. முதலே செய்தால் கெதியாக மாற்றுவார் என்று ஒரு நப்பாசை. சனிக்கிழமை காலை தோய்ந்த ஈரச் சேலையோடு தொடங்கினேன். முதல் மூலைகூடத் திரும்பவில்லை, விழுந்தவள் விழுந்தபடி கிடந்தேன். கணவர் கையைப் பிடித்து இழுக்க, உயிர் போகிற நோ. மண்ணில் முகத்தை வைத்துக்கொண்டு, "இதுதானா உன் பதில்?" என்று ஆஞ்சநேயரோடு கோபித்தேன்.

அப்போது ஒரு பெண் என் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"ஐயோ, இவா எங்கடை மாமாவைப் பாத்த மிஸ்ஸியெல்லே" என்றாள். பாரிசவாதம் வந்து எங்கள் வாட்டில் கிடந்த வட்டுக்கோட்டை ஐயாவின் மருமகள்.

"மிஸ்ஸி, அண்டைக்கு மாமாவைத் தூக்கேக்கை நான் பிடிக்க வந்தனான். தள்ளி நில்லுங்கோ, நான் பாப்பன் எண்டிட்டு நீங்கள் தனியத் தூக்கினியள். இண்டைக்கு நான் தள்ளி நிக்கமாட்டன். எப்பிடிப் பிடிக்கிறதெண்டு மட்டும் சொல்லுங்கோ."

அழுகையோடு எனக்குச் சிரிப்பும் வந்தது. ஒருவர் தோளில், ஒருவர் இடுப்பில், ஒருவர் காலில் என்று கிடந்தபடியே சொன்னேன். அவள், என் கணவர், கும்பிட வந்த இன்னொரு பெண், மூவரும் ஒன்றாகப் பிடித்து மெல்லப் புரட்டி என்னை எடுத்தார்கள். நோ இருந்தது, ஆனால் தாங்கக்கூடியதாக இருந்தது. இத்தனை வருடம் ஆட்களைத் தூக்கியவளை அன்றுதான் ஆட்கள் தூக்கினார்கள். அந்தக் கைகளின் சூடு இன்னும் என் தோளில் இருக்கிறது.

நான் நோவை எடு என்று கேட்டேன். அவர் ஆளை அனுப்பினார்.

வாட்டுச் சிஸ்டரிடம் முதன்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். லீவு கிடைத்தது. உடற்பயிற்சியும் ஓய்வும் மெல்ல மெல்ல என்னை நிமிர்த்தின. இப்போது அதே வாட்டில் நிற்கிறேன். மழைக்காலத்தில் நாரி கொஞ்சம் பிடிக்கும், பொய் சொல்லமாட்டேன். ஆனால் இப்போது எங்களில் ஒருத்தியும் தனியத் தூக்குவதில்லை. "ஒருக்கா பிடிக்க வாங்கோ" என்று கேட்க எனக்கு வெட்கமும் இல்லை. நேர்த்திக்குப் பதிலாகச் சனிக்கிழமைகளில் வெற்றிலை மாலை சாத்துகிறேன்.

நோவோடு இருக்கிற என் சகோதரிகளே, அவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டுவிட்டு, பக்கத்தில் யாராவது கை நீட்டினால் தள்ளி நில்லுங்கோ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.